கொம்பு சாண உரமும் ஒரு பாட்டில் முஸ்கதேயும்

நம்ம பக்கத்தில் இயற்கை விவசாயம் செய்கிறவர்களுக்குக் கொம்பு சாண உரம் புதிதல்ல. பசுவின் கொம்புக்குள் சாணத்தை அடைத்து மண்ணில் புதைத்து, சில மாதம் கழித்து எடுத்து, தண்ணீரில் கலக்கி வயலில் தெளிப்பது. இதே உரத்தைப் பிரான்சில் திராட்சைத் தோட்டங்களுக்கும் தெளிக்கிறார்கள், அந்தத் திராட்சையில் செய்த ஒயினுக்குத் தனி முத்திரையே இருக்கிறது என்பதுதான் பலருக்குத் தெரியாது.

காரைக்கால்காரர்களுக்கு இது கொஞ்சம் சீக்கிரம் கண்ணில் படும். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. விடுமுறைக்கு வரும் சொந்தக்காரர்களின் பெட்டியில் ஒரு பாட்டில் இருப்பதுண்டு. என் அத்தை மகன் கொண்டு வந்தது ஒரு வெள்ளை ஒயின். பெயர் முஸ்கதே செவ்ர் ஏ மேன். பின்பக்க லேபிளில் டிமீட்டர் என்ற முத்திரை. கொம்பு சாண உரம் போட்டுச் செய்யும் பயோடைனமிக் விவசாயத்துக்குக் கொடுப்பது அது. வீட்டில் இருந்தவர்கள் கேட்டது இதைத்தான்: ஏன் இப்படிப் புளிக்கிறது? கொம்பு சாண உரம் போட்டதால் வந்த ருசியா இது? இயற்கை முறை என்றால் உடம்புக்கு நல்லதா?

புளிப்புக்கும் முத்திரைக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. புளிப்பு வருவது திராட்சை ரகத்தாலும், ஊரின் குளிர்ச்சியாலும், ஒயின் செய்யும் பக்குவத்தாலும். முத்திரை சொல்வதோ பெரும்பாலும் தோட்டத்தை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதை. இந்த இரண்டையும் கலந்து பேசுவதால்தான் ஒயின் பற்றிய பாதிக் குழப்பம். அதனால் முதலில் புளிப்பைப் பார்த்துவிடலாம்.

பிரான்சின் மிக நீளமான ஆறு லுவார். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடி அட்லாண்டிக் கடலில் விழுகிறது. கடலுக்குக் கொஞ்சம் முன்னால் நாந்த் என்ற நகரம். அதற்குத் தெற்கிலும் தென்கிழக்கிலும் இருக்கும் தோட்டங்களில்தான் முஸ்கதே விளைகிறது. ஆற்று முகத்துவாரம் என்றதும் நமக்கு வண்டல்தான் நினைவுக்கு வரும். அங்கே அப்படி இல்லை. காவிரி மாதிரி அரசலாறு, வெட்டாறு, வெண்ணாறு என்று பிரிந்து பரந்து போகாமல் லுவார் ஒரே அகன்ற வாயாகக் கடலில் கலக்கிறது. திராட்சை நிற்கும் நிலம் கிரானைட், நைஸ், காப்ரோ என்ற பழைய கடும்பாறைகளின் மேல் இருக்கும் மெல்லிய மண். தண்ணீர் நிற்காது. நெல்லுக்கு ஆகாத அந்த நிலம் திராட்சைக்கு ஏற்றது.

ரகத்தின் பெயர் மெலோன் த புர்கோஞ். அது இங்கே வேரூன்றியதற்கு ஒரு குளிர்காலம் முக்கியக் காரணம். 1709ல் ஐரோப்பாவே உறைந்துபோனது. இந்தப் பகுதியின் கொடிகள் பெரும்பாலும் செத்துப்போயின. மெலோன் உறைபனியைத் தாங்கும் ரகம். அதற்கு முன்பிருந்தே டச்சு வணிகர்கள் காய்ச்சி வடித்துப் பிராந்தி செய்வதற்காக அதிக மணமில்லாத வெள்ளை ஒயினைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டும் சேர்ந்து மெலோனே அந்த ஊரின் ரகமாகிவிட்டது. பிராந்திக்கு மூலப்பொருளாக ஆரம்பித்ததாலோ என்னவோ, பர்கண்டி, போர்தோ ஒயின்களுக்குக் கிடைத்த மரியாதை இதற்குக் கிடைக்கவில்லை. சிப்பி சாப்பிடும்போது குடிக்கும் மலிவான ஒயின் என்றுதான் நெடுங்காலம் பெயர். எனக்கு அது நியாயமாகத் தெரியவில்லை. நல்ல கையில் செய்த முஸ்கதேயில் ஒளித்து வைக்க எதுவும் இல்லை. ஓக் பீப்பாயின் வாசனை இல்லை, சர்க்கரை இல்லை, தூக்கலான பழ மணமும் இல்லை. திராட்சையில் ஒரு குறை இருந்தால் முதல் வாயிலேயே தெரிந்துவிடும்.

இனி, அந்தப் புளிப்பு. திராட்சையில் இருக்கும் முக்கிய அமிலங்கள் இரண்டு: டார்டாரிக், மாலிக். டார்டாரிக் அமிலம் நமக்கு அந்நியமே இல்லை. நம் வீட்டுப் புளியின் புளிப்பே அதனால்தான். காய் பழுக்கும்போது சர்க்கரை ஏறும், மாலிக் அமிலம் குறையும். வெயில் அதிகமாக இருந்தால், அதுவும் இரவிலும் புழுக்கம் விடாமல் இருந்தால், அந்த அமிலம் சீக்கிரமே கரைந்துவிடும். திருவாரூரில் மே மாத இரவு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். அங்கே இந்தத் திராட்சையை வளர்த்தால் சர்க்கரை இருக்கும், விறுவிறுப்பு இருக்காது. நாந்த் பக்கம் அட்லாண்டிக் காற்று வெப்பத்தை அடக்கி வைக்கிறது. அதனால் பழம் பழுத்த பிறகும் அமிலம் தங்குகிறது. சாராய அளவும் 12 சதவீதம் அளவில் நின்றுவிடும்.

நம்மூரில் பலருக்கு ஒயின் என்றால் கிறிஸ்துமஸுக்கு வீட்டில் போட்டு வைக்கும் இனிப்பு ஒயின்தான் பழக்கம். அந்த நாக்கோடு முஸ்கதேயைக் குடித்தால் முகம் சுளிக்கும். இதில் ஈஸ்ட் சர்க்கரையை ஏறக்குறைய முழுவதும் தின்று தீர்த்துவிடுகிறது. மிஞ்சுவது அமிலம், கொஞ்சம் உப்புச் சாயல், எலுமிச்சைத் தோல் மாதிரி ஒரு மெல்லிய கசப்பு. ஓரிரு வாய் போன பிறகுதான் நாக்கு அதற்குப் பழகும்.

செய்யும் பக்குவத்திலும் இரண்டு விஷயம் உண்டு. பல ஒயின்களில் நொதித்தல் முடிந்ததும் பாக்டீரியா உள்ளே புகுந்து மாலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமாக மாற்றும். லாக்டிக் என்பது தயிரில் இருப்பது, மிருதுவான புளிப்பு. முஸ்கதேயில் பெரும்பாலும் இந்த மாற்றம் நடக்க விடுவதில்லை. அதனால் கூர்மை அப்படியே நிற்கிறது.

இன்னொன்று மண்டி. நொதித்து முடிந்த ஈஸ்ட் செத்து அடியில் படியும். மற்ற இடங்களில் தெளிந்த ஒயினை மேலாக வடித்து வேறு தொட்டிக்கு மாற்றிவிடுவார்கள். முஸ்கதேக்காரர்கள் குளிர்காலம் முழுக்க ஒயினை அந்த மண்டியின் மேலேயே விட்டு வைக்கிறார்கள். லேபிளில் ‘சுர் லீ’ என்று போட்டிருந்தால் இதுதான் பொருள். அறுவடைக்கு அடுத்த வருஷம் மார்ச் 1 வரையாவது அது மண்டியின் மேல் இருக்க வேண்டும் என்பது விதி. தொட்டிகள் பல இடங்களில் தரைக்கடியில் இருக்கும். சிமென்ட்டால் கட்டி, உட்புறம் கண்ணாடி ஓடு பதித்தவை. பூமிக்கடியில் என்பதால் வெப்பம் ஏறி இறங்காது. ஈஸ்ட் மெதுவாகச் சிதைந்து ஒயினுக்குள் கரையும்போது அந்தக் கூர்மைக்கு அடியில் ஒரு சதைப்பற்று வருகிறது, புதிதாகச் சுட்ட ரொட்டியின் லேசான மணமும் வருகிறது. மண்டியிலிருந்து நேராகப் பாட்டிலில் அடைப்பதால் கொஞ்சம் கரியமில வாயுவும் தங்கும். முதல் வாயில் நாக்கு நுனியில் சுருக்கென்று ஒரு குத்தல் தெரிந்தால் அது கெட்டுப்போன ஒயின் அல்ல. அந்த வாயுதான்.

இதுவரை சொன்னதில் கொம்பும் இல்லை, சாணமும் இல்லை. சாதாரண முறையில் பயிர் செய்த முஸ்கதேயும் விறுவிறுப்பாகத்தான் இருக்கும்.

சரி, அப்படியானால் பயோடைனமிக் என்பது என்ன?

1924 ஜூனில் ருடால்ஃப் ஸ்டெய்னர் என்ற ஆஸ்திரிய ஆன்மிகச் சிந்தனையாளர், அப்போது ஜெர்மனியில் இருந்த கோபர்விட்ஸ் என்ற ஊரில் (இப்போது போலந்து) விவசாயிகளுக்கு எட்டு சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். ரசாயன உரம் பரவத் தொடங்கிய காலம். மண்ணும் விதையும் கால்நடையும் நலிகின்றன என்று கவலைப்பட்ட விவசாயிகள்தான் அவரை அழைத்தார்கள். ஸ்டெய்னர் விவசாயி இல்லை. மது குடிப்பதை ஆதரித்தவரும் இல்லை. அடுத்த வருஷமே இறந்துவிட்டார். அவர் சொன்னதை வைத்து மற்றவர்கள் வளர்த்தெடுத்ததுதான் பயோடைனமிக் விவசாயம். 1928லிருந்து டிமீட்டர் என்ற முத்திரை இருக்கிறது.

இதன் அடிப்படை எண்ணம் நமக்குப் புரியாததல்ல. பண்ணை ஒரு முழு உயிர். அதற்கு வேண்டிய எருவும் தீவனமும் முடிந்தவரை அதற்குள்ளேயே உண்டாக வேண்டும். சம்பா அறுவடைக்குப் பிறகு ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கீதாரிகள் ஆடு ஓட்டி வந்து வயலில் கிடை போடுவதை நாம் பார்த்து வளர்ந்தவர்கள். அங்கும் குளிர்காலத்தில் கொடி வரிசைகளுக்கு நடுவே ஆடு மேய விடுகிற பண்ணைகள் உண்டு. நாம் நெல் அறுக்கும் முன் ஈரத்தில் உளுந்து தெளிப்போம், நடவுக்கு முன் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவோம். அவர்கள் கொடிகளுக்கு இடையே பயறுவகைச் செடிகளையும் புல்லையும் வளர்த்து மண்ணை மூடி வைக்கிறார்கள். களைக்கொல்லி கிடையாது, ரசாயன உரம் கிடையாது.

இதுவரை இயற்கை விவசாயம் என்றே சொல்லிவிடலாம். பயோடைனமிக்கைத் தனியாகக் காட்டுவது அதன் தயாரிப்புகள். 500 முதல் 507 வரை எண் கொடுத்திருக்கிறார்கள். 500 என்பது நம்ம கொம்பு சாண உரம். 501, குவார்ட்ஸ் கல்லை மாவாக அரைத்துக் கொம்பில் அடைத்து வெயில் காலத்தில் புதைத்து எடுப்பது. மற்றவை சீமைச்சாமந்தி, ஓக் மரப்பட்டை போன்ற மூலிகைகளைப் பக்குவப்படுத்தி எருக்குவியலில் சேர்ப்பவை. இந்தியாவில் இதைப் பரப்பியதில் நியூசிலாந்துக்காரர் பீட்டர் ப்ராக்டருக்குப் பெரிய பங்கு உண்டு. 1990களில் இங்கே வந்து நெடுங்காலம் விவசாயிகளோடு வேலை செய்தவர்.

நன்னிலம் பக்கம் இருக்கும் என் பெரியப்பா மகன் இதைத் தயார் செய்வதை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். கொம்பைத் தட்டினால் உள்ளிருந்து விழுவது கறுத்து, பொலபொலவென்று இருக்கும். சாண நாற்றம் துளியும் இருக்காது. மழை பெய்த தோப்பு மண்ணின் வாசம். ஏக்கருக்கு 25 கிராம் அளவுதான், ஒரு கைக்குள் அடங்கிவிடும். அதைப் பதிமூன்று, பதினைந்து லிட்டர் தண்ணீரில் போட்டுக் குச்சியால் ஒரு பக்கமாகச் சுற்றுவார். நடுவில் ஆழமாகச் சுழி விழுந்ததும் சட்டென்று எதிர்ப்பக்கம் திருப்புவார். தண்ணீர் நுரைத்துத் தடுமாறி மறுபடி சுழி போடும். மறுபடியும் திருப்புவார்.

“ஒரு மணி நேரம் முழுசாவா கலக்கணும் அண்ணே?”

“ஆமா தம்பி. சாயந்தரம் தெளிக்கணும்ல, அதுக்கு முன்னாடி முடிக்கணும்.”

நாந்த் பக்கத்துத் தோட்டத்திலும் இதையேதான் செய்கிறார்கள். பெரிய பண்ணைகளில் மோட்டார் கலக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த 25 கிராம் என்ன செய்கிறது? இங்கே நேர்மையாகப் பேச வேண்டும். சுவிட்சர்லாந்தில் பாசல் அருகே 1978லிருந்து பயோடைனமிக், இயற்கை, ரசாயன முறைகளைப் பக்கத்துப் பக்கத்து வயல்களில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்து வருகிறார்கள். 2002ல் வெளியான 21 வருஷக் கணக்குப்படி இயற்கை சார்ந்த இரு முறைகளிலும் விளைச்சல் சுமார் 20 சதவீதம் குறைவு; ஆனால் மண்ணில் உயிர்கள் அதிகம், வெளியிலிருந்து போட்ட உரமும் மருந்தும் மிகக் குறைவு. திராட்சைக்கென்று ஜெர்மனியின் கைசன்ஹைமில் 2006லிருந்து சோதனை நடக்கிறது. அங்கே இயற்கை முறைக்கும் பயோடைனமிக்குக்கும் கொடி வளர்ச்சியிலோ விளைச்சலிலோ பெரிய வேறுபாடு தெரியவில்லை. அதாவது, எருவும் மூடுபயிரும் ரசாயனம் தவிர்ப்பதும் பலன் தருகின்றன. கொம்பு அதற்கு மேல் தனியாக என்ன தருகிறது என்பதற்கு உறுதியான சான்று இன்னும் வரவில்லை.

நாட்காட்டியும் அப்படித்தான். நம் வீட்டுத் தினசரி காலண்டர் தாளில் மேல்நோக்கு நாள், கீழ்நோக்கு நாள் என்று போட்டிருக்கும். கிழங்கு வைக்க, கிணறு வெட்டக் கீழ்நோக்கு நாள் பார்ப்பார்கள். ஜெர்மனியில் மரியா தூன் என்ற பெண்மணி உருவாக்கிய பயோடைனமிக் நாட்காட்டியும் சந்திரன் எங்கே நிற்கிறது என்பதையே பார்க்கிறது. மேஷம், சிம்மம், தனுசு ஆகிய நெருப்பு ராசிகளில் நின்றால் பழ நாள். நில ராசி என்றால் வேர் நாள், நீர் ராசி இலை நாள், காற்று ராசி பூ நாள். ஒயினைப் பழ நாளில் குடித்தால் ருசி கூடும் என்று சொல்பவர்களும் உண்டு. நியூசிலாந்தில் 19 ஒயின் வல்லுநர்களுக்குப் பழ நாளிலும் வேர் நாளிலும் அதே ஒயின்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2017ல் முடிவு வெளியானது: நாளால் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

அப்படியானால் முத்திரைக்கு மதிப்பு இல்லையா? இருக்கிறது என்பேன். கையில் வாளியோடு சாயங்காலம் தோட்டம் முழுக்க நடக்கிறவர் ஒவ்வொரு கொடியையும் பார்க்கிறார். நோய் எங்கே ஆரம்பிக்கிறது என்று அவருக்கு முதலில் தெரியும். முஸ்கதே பகுதியில் இயந்திரத்தால் அறுவடை செய்வது சகஜம். இப்படிப்பட்ட பண்ணைகளில் பல கையால் பறிக்கின்றன. லெ லாந்த்ரோ ஊரின் கி போசார் 1970களிலேயே ரசாயனத்தை விட்டவர், பிறகு பயோடைனமிக்குக்கு மாறினார். முஸ்கதே மலிவுச் சரக்காக இருந்த காலத்தில், கிரானைட், நைஸ், ஆர்த்தோநைஸ் என்று கொடி நிற்கும் பாறையின் பெயரையே லேபிளில் போட்டுத் தனித்தனி ஒயினாக விற்றார். நிலத்தை அவ்வளவு நுணுக்கமாக அறிந்த ஆளால்தான் அது முடியும். ருசிக்குக் காரணம் கொம்பா, அந்தக் கவனமா என்று கேட்டால் நான் கவனத்தின் பக்கம்.

ஒரு விஷயத்தை முத்திரை பார்த்து வாங்குகிறவர்கள் பலர் அறிவதில்லை. நாந்த் மழை ஊர். அடிச்சாம்பல் நோய் அங்கே தீராத தொல்லை. அதற்கு இயற்கை, பயோடைனமிக் விவசாயிகளிடம் இருக்கும் முக்கிய ஆயுதம் தாமிரம். ஆவூர், ராஜகிரி பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், போர்டோ கலவை என்றால் உடனே சொல்வார்கள்: மயில்துத்தமும் சுண்ணாம்பும். 1880களில் போர்தோ திராட்சைத் தோட்டங்களில் பிறந்ததால்தான் அந்தப் பெயர். தாமிரம் மண்ணில் கரைந்து மறைந்துவிடாது. சேர்ந்துகொண்டே போனால் மண்புழுவுக்குக் கேடு. அதனால் ஐரோப்பிய ஒன்றியம் ஏழு வருஷத்துக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ என்று வரம்பு வைத்திருக்கிறது, வருஷத்துக்குச் சராசரி 4 கிலோ. டிமீட்டரின் வரம்பு சராசரி 3 கிலோ. இயற்கை என்றால் மருந்தே அடிப்பதில்லை என்று நினைப்பது தவறு. குறைவாக, குறிப்பிட்டவற்றை மட்டும் அடிக்கிறார்கள்.

உடம்புக்கு நல்லதா என்ற கேள்விக்கு வருகிறேன். நல்லதில்லை. எந்த முத்திரை இருந்தாலும் 12 சதவீதச் சாராயம் சாராயம்தான். பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. குடியால் குடும்பங்கள் சிதைந்ததை நம் ஊர்களில் வேண்டிய மட்டும் பார்த்திருக்கிறோம். இயற்கை என்ற சொல்லைக் காட்டி யாரும் யாரையும் குடிக்கத் தூண்டக் கூடாது. மண்ணுக்கு நல்லது என்ற பேச்சு வேறு, உடம்புக்கு நல்லது என்ற பேச்சு வேறு. குடிக்காதவர்களுக்கும் இந்தக் கதையில் விஷயம் இருக்கிறது என்பதால்தான் விவசாயத்தைப் பற்றி இவ்வளவு எழுதினேன்.

குடிக்கிறவர்களுக்குச் சில குறிப்புகள். 8 முதல் 10 டிகிரிக் குளிர்ச்சி வேண்டும். நம் வீட்டு வெப்பத்துக்கு மூன்று மணி நேரமாவது ஃபிரிட்ஜில் வையுங்கள். கிளாஸில் கொஞ்சமாக ஊற்றுங்கள், சீக்கிரம் சூடேறிவிடும். திறந்த பாட்டிலை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். அங்கே சிப்பியோடு சாப்பிடுவதை இங்கே நாகை இறால், கணவாய், நண்டோடு சாப்பிடலாம். மிளகாய்த்தூளைக் குறைத்து மிளகும் பூண்டும் போட்டு வறுத்தால் எடுப்பாக இருக்கும். புளி ஊற்றிய மீன் குழம்போடு மட்டும் வேண்டாம். குழம்பின் புளிப்பு ஒயினின் புளிப்பை அமுக்கிவிடும், வாயில் வெறும் தண்ணீர் மாதிரி போகும்.

முஸ்கதே எல்லா இடத்திலும் கிடைக்காது. இதே விறுவிறுப்புக்கு போர்ச்சுகலின் வின்யோ வெர்தே, பிரெஞ்சு ஆல்ப்ஸ் அடிவாரத்து சவோய் ஒயின்கள், ஆஸ்திரியாவின் க்ரூனர் வெல்ட்லினர் ஆகியவற்றைப் பார்க்கலாம். ஆஸ்திரியாவில் டானூப் கரையில் நிகோலைஹோஃப் என்ற பண்ணை 1971லிருந்தே பயோடைனமிக். கடையில் லேபிளைப் பார்க்கும்போது டிமீட்டர் அல்லது பயோடிவின் (இதுவும் பயோடைனமிக் ஒயினுக்கானதுதான்) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ‘இயற்கையோடு இணைந்தது’ என்று மட்டும் அச்சடித்திருந்தால் அதை யாரும் சோதித்ததாக அர்த்தமில்லை.